யார் சொல்லும் ‘வேண்டாம்’?

1993இல் இங்கிலாந்தின் பிராட்மூர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த 68 வயதுக்காரர் ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவை மருத்துவர். நோயாளி மறுத்துவிட்டார். அவருக்கு நாட்பட்ட மனச்சிதைவு நோய்; தான் பெரிய மருத்துவர் என்ற பிரமை வேறு. இப்படிப்பட்டவருடைய மறுப்பு செல்லுமா? வழக்கை விசாரித்த நீதிபதி தார்ப், செல்லும் என்று தீர்ப்பளித்தார். சொன்ன விஷயம் அவருக்குப் புரிந்திருக்கிறதா, அதை மனத்தில் வைத்திருக்கிறாரா, நம்புகிறாரா, நல்லது கெட்டதைச் சீர்தூக்கிப் பார்த்திருக்கிறாரா என்பவைதான் கேள்விகள். மூளையின் ஒரு மூலையில் பிரமை இருப்பதால் தன் காலைப் பற்றி முடிவெடுக்கும் திறன் ஒருவருக்குப் போய்விடாது. கால் எடுக்கப்படவில்லை, அவர் பிழைத்தும் கொண்டார். பிழைத்ததால்தான் தீர்ப்பு சரி என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. அவர் இறந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரியானதே.

நோயாளி மறுக்கும்போது மருத்துவமனையில் முதலில் எழுவது இன்றும் அதே சந்தேகம்தான்: இவர் புரிந்துதான் பேசுகிறாரா? சம்மதிப்பவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுபவரின் மனத்தெளிவை எவரும் சோதிப்பதில்லை. மறுத்தால் மட்டும் மனநல மருத்துவரைக் கூப்பிடுகிறோம். உயிர் போகிற விஷயத்தில் கூடுதலாக விசாரிப்பது நியாயம்தான். திரும்பப் பெற முடியாத முடிவல்லவா? ஆனால் அந்த விசாரணை மருத்துவர் எதிர்பார்க்கும் பதில் வரும்வரை நீளக் கூடாது. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தது: மற்றவர் கண்ணுக்கு அசட்டுத்தனமாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காக ஒருவரைத் திறனற்றவர் என்று கருதிவிடக் கூடாது.

இந்தச் சிந்தனை மருத்துவத்துக்குள் பிறந்ததல்ல. மருத்துவத்தின் பழைய அறம் நன்மை செய், தீங்கு செய்யாதே என்பதோடு நின்றது. எது நன்மை என்பதை மருத்துவரே தீர்மானித்தார். ஒருவருடைய உடலின் மீதும் மனத்தின் மீதும் அவருக்கே முழு அதிகாரம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதிட்டார். 1914இல் நியூயார்க்கில் தீர்ப்பான வழக்கு ஒன்றில், மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதனை மட்டும் செய்யச் சம்மதித்த பெண்ணின் வயிற்றிலிருந்து கட்டியை அகற்றியிருந்தார்கள். புத்தித் தெளிவுள்ள எந்த வயது வந்தவரும் தன் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்று தீர்மானிக்கலாம் என்ற கோட்பாட்டை நீதிபதி கார்டோசோ வகுத்தது அந்த வழக்கில்தான். உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்த வழக்கில் அந்தப் பெண் தோற்றார் என்பது பலருக்குத் தெரியாது. அறநிலைய மருத்துவமனை மீது பொறுப்பு சுமத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் படுக்கையில் கிடப்பவருக்கு அது வந்து சேரவில்லை. அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை.

2002இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் நோயாளியின் பெயர் ‘மிஸ் பி’ என்று மட்டுமே பதிவானது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, மூச்சு வென்டிலேட்டரில். 43 வயது. அறிவு கூர்மையாக இருந்தது. வென்டிலேட்டரை எடுத்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாதக்கணக்கில் பராமரித்து அவரோடு நெருங்கிவிட்ட மருத்துவர்களால் அந்தப் பொத்தானைத் தொட முடியவில்லை. நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் மருத்துவமனைக்கே போய்ப் படுக்கையருகில் உட்கார்ந்து அவரிடம் பேசினார். பிறகு, அவருக்குத் திறன் உண்டு, அவர் விருப்பத்துக்கு மாறாகத் தொடர்ந்த சிகிச்சை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்து, அடையாளமாக 100 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். மிஸ் பி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, சில வாரங்களில் காலமானார். அந்த மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்பாலேயே ஒருவரைச் சிறைவைத்துவிட முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு கனிவோடு சுட்டிக்காட்டியது.

இந்த விவாதத்தில் தவிர்க்கவே முடியாத வாழ்க்கை டாக்ஸ் கௌவார்ட்டுடையது. 1973இல் டெக்சாஸில், 25 வயது இளைஞராகத் தந்தையோடு ஒரு நிலத்தைப் பார்க்கப் போனவர், கசிந்து தேங்கியிருந்த எரிவாயு வெடித்ததில் தந்தையை இழந்தார். அவர் உடலில் மூன்றில் இரண்டு பங்கு வெந்துபோனது. உதவிக்கு ஓடிவந்த விவசாயியிடம் துப்பாக்கி கேட்டார். பார்வை போனது, விரல்கள் போயின. தினமும் மருந்துத் தொட்டியில் இறக்கிப் புண்ணைச் சுரண்டிக் கழுவுவார்கள். வலிக்குக் கொடுத்த மருந்து போதவே இல்லை. சிகிச்சையை நிறுத்துங்கள் என்று முதல் நாளிலிருந்தே கேட்டார். மனநல மருத்துவர் பரிசோதித்து, இவர் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று சொன்னார். இருந்தும் தாயின் கையெழுத்தின் பேரில் ஓராண்டுக்கு மேல் சிகிச்சை நடந்தது. பிற்பாடு அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார், மணம் புரிந்தார், வாழ்க்கை தனக்கு இனிக்கிறது என்று சொன்னார். கூடவே, அன்று என்னை விட்டிருக்க வேண்டும் என்று 2019இல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

‘பார்த்தீர்களா, காப்பாற்றியது நல்லதாய்ப் போயிற்று’ என்று சொல்லத் துடிக்கும் நம் வாயை அவர் அடைத்துவிடுகிறார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பிற்கால மகிழ்ச்சி அன்றைய வதைக்கு அனுமதிச் சீட்டாகாது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் கதையில் எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. வலியை ஒழுங்காகக் குறைத்திருந்தால் அவர் மறுத்திருப்பாரா? வலி மருந்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, வலி தாங்காமல் சாவைக் கேட்பவரிடம் ‘உன் உரிமையை மதிக்கிறேன்’ என்பது மரியாதை ஆகாது. அவர் கேட்டதைக் கேளாமல் சிகிச்சை தொடர்ந்ததும் மரியாதை ஆகாது. இரண்டு பக்கமும் அவரைக் கைவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஜார்ஜியா மாநிலத்து லாரி மக்காஃபி 1989இல், வென்டிலேட்டரை நிறுத்திக்கொள்ளும் உரிமையை நீதிமன்றத்தில் வென்றார். அதற்கு முன் அவரை ஊர் விட்டு ஊர் மாற்றி, மாதக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தியிருந்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் தேடிவந்து, வேறு விதமாக வாழ வழியிருக்கிறது என்று காட்டியபோது அவர் வாழவே தேர்ந்தார். கலிபோர்னியாவில் எலிசபெத் பூவியாவும் குழாய் உணவை மறுக்கும் உரிமையை 1986இல் வென்று, பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தார். எனவே மறுப்பைச் செல்லாது என்று தள்ளலாம் என்பது இதற்குப் பொருளல்ல. உரிமை கைக்கு வந்தபின் அதைப் பயன்படுத்தும் அவசரம் குறைந்தது என்பதையும், ‘வேண்டாம்’ என்பது பல நேரம் உயிரை நோக்கிச் சொல்லப்படாமல், அந்த உயிரை வைத்திருக்கும் இடத்தை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதையும் இவர்கள் காட்டுகிறார்கள்.

மத நம்பிக்கையால் வரும் மறுப்பு வேறு தினுசு. யெகோவாவின் சாட்சிகள் 1945இலிருந்து ரத்தம் ஏற்றிக்கொள்வதை மறுத்துவருகிறார்கள். கனடாவில், நினைவிழந்து வந்த பெண்ணின் பையில் ரத்தம் வேண்டாமென்று எழுதிய அட்டை இருந்தும் உயிரைக் காக்க ரத்தம் ஏற்றிய மருத்துவர் 20,000 டாலர் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 1990இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு வழக்கு நேர்மாறாக முடிந்தது. கார் விபத்தில் சிக்கிய கர்ப்பிணி ஒருவர், சாட்சிகள் சபையைச் சேர்ந்த தாயோடு தனியாக இருந்துவிட்டு வந்தபின் ரத்தம் வேண்டாம் என்றார். அவர் அந்தச் சபையில் சேர்ந்தவர் அல்லர். அது அவருடைய மறுப்பல்ல, தாயின் பேச்சு என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டு, ரத்தம் ஏற்றியது சரியே என்றது. இரண்டு தீர்ப்புகளும் முரணானவை அல்ல. சொல் யாருடையது என்று இரண்டுமே தேடின.

இந்த மறுப்பை மதித்ததால் மருத்துவம் நஷ்டப்படவும் இல்லை. ஹூஸ்டனில் டென்டன் கூலி என்ற இதய அறுவை மருத்துவர், ‘ரத்தம் இல்லாமல் முடியாது, போய்வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பாமல், ரத்தமில்லாமலே செய்ய வழி தேடினார். 1977இல் அவருடைய குழு 542 சாட்சிகளுக்குச் செய்த இதய, ரத்தக்குழாய் அறுவைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. இழப்பைக் குறைக்கும் அந்த நுட்பங்களின் பலன் இன்று எந்த மதமும் சாராத நோயாளிக்கும் கிடைக்கிறது.

இனி நம் ஊர். இங்கே கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. மேற்கத்திய வழக்குகளில் ஒரு நோயாளி மருத்துவரைப் பார்த்து வேண்டாம் என்கிறார். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பேச்சு நடப்பது மருத்துவருக்கும் மகனுக்கும் இடையில். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார், பயந்துடுவார்.” “ட்யூப் போட்டா எத்தனை நாள் ஆகும், ஒரு நாளைக்கு எவ்வளவு?” மருமகன் கால்குலேட்டரைத் தட்டுவார். சித்தப்பா ஊரிலிருந்து வந்ததும் முடிவு சொல்கிறோம் என்பார்கள். சித்தப்பா வந்து, போதும், வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம் என்பார். ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், மருத்துவ ஆலோசனைக்கு மாறாக’ என்று அச்சடித்த தாளில் மகன் கையெழுத்திடுவார். நோயாளியின் கையெழுத்துக்கு இடமிருந்தால் கட்டைவிரல் ரேகை விழும். உள்ளே படுத்திருப்பவர் பேசக்கூடிய நிலையில் இருந்தாலும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, மூன்றாவது நாள் பில்லைப் பார்த்து உடைந்துபோனவர்கள் அவர்கள். ஆனால் இதற்கு நோயாளியின் தன்னுரிமை என்று பெயர் சூட்டக் கூடாது. பணமில்லாததால் வரும் மறுப்பைச் சுதந்திரமான மறுப்பு என்று பதிவு செய்வது அந்த மனிதரின் வாயில் நாம் வார்த்தையைத் திணிப்பது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா, அரசு மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்று சொல்லி முடிக்காதவரை அந்தத் தாளை நீட்டுவது அறமாகாது.

சட்டம் இந்த விஷயத்தில் குடும்பத்தைவிட நோயாளியின் பக்கமே நிற்கிறது. 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து ஏற்றுக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியிருந்தார்கள். அவசரம் எதுவும் இல்லாத நிலையில், வயது வந்த, புத்தித் தெளிவுள்ள ஒருவருக்காகத் தாய் சம்மதம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் வழக்கில், திறனுள்ள வயது வந்தவர் உயிர்காக்கும் கருவிகள் உட்பட எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம் என்றது. பின்னாளில் பேச முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழி திறந்தது. குற்றவியல் நடுவர் முன் கையெழுத்து என்றிருந்த கடினமான நடைமுறையை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியும் போதும் என்றார்கள். எனினும் அப்படி எழுதிவைத்தவர்களை விரல்விட்டு எண்ணுமளவே நம்மில் பலரும் சந்தித்திருப்போம். உயிரோடிருக்கும்போது சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று அப்பாவின் வாயை நாம்தான் பொத்துகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1986இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், குடல்வால் வெடித்த நிலையில் வந்த நோயாளிக்கு அறுவை செய்யப்படவில்லை, அவர் இறந்தார். நோயாளி மறுத்துவிட்டார் என்றார் மருத்துவர். மறுத்தார் என்பதை நிரூபிக்கும் பாரம் மருத்துவர் மேல்தான் என்று நீதிமன்றம் சொல்லி, அவரைப் பொறுப்பாக்கியது. மறுப்பு என்ற சொல் அலட்சியத்துக்குத் திரையாகிவிடக் கூடாது என்பதற்கு நம் மண்ணிலேயே பிறந்த எச்சரிக்கை அது. ஏழை நோயாளிகளின் வார்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும் எத்தனையோ வரிகளை அந்தத் தீர்ப்போடு வைத்துப் படிக்க வேண்டும்.

சர்க்கரை நோயால் கால் அழுகி வரும் முதியவரை எடுத்துக்கொள்வோம். எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அவர் இருப்பார். “காலை எடுக்கணும்னா வேணாம் தம்பி. முழுசா வந்தேன், முழுசா போறேன்” என்பார். ரவுண்ட்ஸில் நின்றபடி கேட்கும் மருத்துவருக்கு இது பிடிவாதமாகத் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எதுக்கு ஐயா பயப்படுறீங்க?” என்று கேட்டால் வேறு ஒன்று வெளிவரலாம். வீட்டில் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நான்கு படி இறங்க வேண்டும்; மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு போக அவருக்குக் கூச்சம். இல்லையென்றால், பக்கத்துத் தெருவில் காலை எடுத்தும் மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தவரைப் பார்த்திருப்பார். முதல் பயத்துக்குச் செயற்கைக் காலும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் பதில். இரண்டாவதுக்கு உண்மையான கணக்கைச் சொல்ல வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, இரவு யோசித்துவிட்டு, காலையில் அவர் மறுபடி வேண்டாம் என்றால், அது அவருடையது. அப்போது மகன் “எப்படியாவது எடுத்துடுங்க சார்” என்று அழுதாலும் மருத்துவர் கத்தியைத் தொடக் கூடாது.

பெண்களின் மறுப்புக்கு இங்கே இன்னும் குறைந்த மதிப்பு. சிசேரியனுக்குக் கணவன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வழக்கம் சட்டம் கேட்பதல்ல. இங்கிலாந்தில் 36 வார கர்ப்பிணி ஒருவர், ரத்தக் கொதிப்பு உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தும் சிகிச்சையை மறுத்தபோது, மனநலச் சட்டத்தின் கீழ் பிடித்துவைத்து வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அது அத்துமீறல் என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயும் பிள்ளையும் ஒரே உடலில் இருக்கும்போது இந்த முடிவு தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது, எனக்கும் குத்துகிறது. ஆனால் கர்ப்பம் தரித்ததும் ஒரு பெண்ணின் உடல் பொதுச்சொத்தாகிவிடும் என்ற மாற்றுவழி அதைவிடப் பயங்கரம்.

குழந்தைகள் விஷயத்தில் தயக்கம் வேண்டியதில்லை: பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தம் உயிரைக் கொடுக்கலாம், பிள்ளையின் உயிரைக் கொடுக்க முடியாது. கடினமானது விளிம்பு வயதுதான். ரத்தப் புற்றுநோய் வந்த, யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையனுக்கு இங்கிலாந்து நீதிமன்றம் ரத்தம் ஏற்றச் சொன்னது. பதினெட்டு வயதானதும் அவன் மறுத்து இறந்துபோனான்.

விஷம் குடித்துவிட்டு வருபவரின் ‘விட்டுவிடுங்கள்’ என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? அவசர சிகிச்சை அறையில் நிற்பவருக்கு விசாரிக்க நேரமில்லை. முதலில் காப்பாற்றுவதே சரி. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 2007இல், உறைதடுப்புத் திரவம் குடித்துவிட்டு ‘காப்பாற்ற வேண்டாம்’ என்று எழுதிய கடிதத்தோடு வந்த 26 வயதுப் பெண்ணை மருத்துவர்கள் சிகிச்சையின்றி விட்டார்கள். மரண விசாரணை அதிகாரியும் அதைச் சரி என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்பட யோசித்து, நோயின் சுமையை எடைபோட்டுச் சொல்லும் மறுப்பும், தனிமையின் அடியாழத்தில் எழுதிய கடிதமும் ஒரே தாளில் எழுதப்படலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

உணவை மறுப்பதும் இதன் உறவுதான். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. 1982 நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் வினோபா பாவே மருந்தையும் உணவையும் விலக்கி இறந்தார். பிரதமர் வந்து பார்த்துச் சென்றார், யாரும் குழாய் செருகவில்லை. 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளாவுக்கோ, தற்கொலை முயற்சி வழக்குப் போட்டு, 2016 ஆகஸ்ட் வரை மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தினார்கள். சாக விரும்பியவர் வினோபா. ஷர்மிளா கேட்டது ஒரு சட்டத்தின் சாவை. திறனுள்ள உண்ணாவிரதிக்குக் கட்டாயமாக ஊட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கத்தின் 1991ஆம் ஆண்டு மால்டா பிரகடனம் சொல்கிறது. அரசு உயிரைக் காக்க எங்கே அவசரப்படுகிறது, எங்கே பொறுமையாய் இருக்கிறது என்பதைப் பார்த்தால், உயிர் மட்டுமே அதன் கணக்கில் இல்லை என்பது விளங்கும்.

மறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நம் விவாதங்கள் பேசுவதே இல்லை. டயாலிசிஸை நிறுத்தியவருக்கு மூச்சுத் திணறும், உடம்பெல்லாம் அரிக்கும், குமட்டும். வென்டிலேட்டர் வேண்டாம் என்றவருக்கு மூச்சு வாங்கும் பயத்தைத் தணிக்க மார்ஃபின் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் ராஜகோபால் போன்றவர்கள் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், வீட்டு வாசலுக்கே செவிலியரை அனுப்ப முடியும் என்று காட்டியது. மார்ஃபின் கிடைப்பதற்கு முட்டுக்கட்டையாய் இருந்த சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. இருந்தும், கையெழுத்துப் போட்டு வெளியேறுபவரிடம் வலி மாத்திரைச் சீட்டுகூட இல்லாமல் ஆம்புலன்ஸ் எண்ணை மட்டும் கொடுத்தனுப்புகிறோம். வீட்டில் அவர் இரவு முழுக்கத் துடிக்க, அதைப் பார்த்து நிற்கும் மனைவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது.

மறுத்தவர் மனம் மாறவும் செய்வார். மூன்றாம் நாள் வலி தாங்காதபோது, காலை எடுத்துடுங்க தம்பி என்று திரும்பி வருவார். “அன்னைக்கே சொன்னோமே, கேட்டீங்களா?” என்ற வரவேற்புக்குப் பயந்தே வராமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுபவர் கையெழுத்திடும் அந்தத் தாளை மருத்துவமனைகள் திருத்தி எழுதலாம். நோயாளியிடம் நேரடியாகப் பேசியது யார், எந்த மொழியில், அவர் சொன்ன காரணம் என்ன, காப்பீடு பற்றிச் சொல்லப்பட்டதா, வலிக்கு என்ன மருந்து கொடுத்தனுப்பப்பட்டது என்பதற்கெல்லாம் அதில் இடம் வேண்டும். எந்த நேரமும் திரும்பி வரலாம் என்ற வரியும், இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் அதே தாளில் அச்சாகட்டும்.